அரிசிச் சாக்குக்குள் இருந்த கண்கள்

மேடை நிர்வாக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைக் கண்டால் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அன்ரி, உங்கட காலத்தில வந்த பெரிய இடைஞ்சல் என்ன?" திரை தீப்பிடித்த கதையையோ, கதாநாயகன் குடித்துவிட்டு வந்த கதையையோ எதிர்பார்த்து நிற்பார்கள். அவற்றுக்கெல்லாம் கைநூல் உண்டு. தீப்பிடித்தால் யாரை முதலில் வெளியேற்றுவது, நடிகர் மயங்கினால் எந்த விளக்கை அணைப்பது, எல்லாம் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அதில் சில பக்கங்களை நானே எழுதினேன். அவற்றை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

கைநூலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒத்திகை அறையில் இருப்பவர்கள் தங்களுக்குள்ளே ஒருவரைப் பார்த்துப் பயப்படத் தொடங்கினால் என்ன செய்வது?

நான் யாழ்ப்பாணத்திலிருந்து சட்டம் படிக்கவென்று லண்டனுக்கு வந்தவள். இரண்டாம் வருடத்தில் சட்டத்தை விட்டு அரங்கின் பக்கவாட்டு இருட்டுக்குள் போய்விட்டேன். வீட்டில் கேட்டபோது நீதிமன்றத்தில் வேலை என்று கொஞ்சக் காலம் சொல்லி வந்தேன். அதுவும் முழுப் பொய்யல்ல; நான் வேலை செய்த முதல் நாடகமே ஒரு நீதிமன்றக் கதை. வாரநாட்களில் ஆங்கில அரங்குகளில் சம்பளத்துக்கு வேலை செய்தேன். சனிக்கிழமைகளில் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில், எங்கள் தமிழ் நாடகக் குழுவுக்குத் தேநீரைக் கூலியாக வாங்கிக்கொண்டு அதே வேலையைச் செய்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊரில் கணக்குப் படிப்பித்தவர் எங்கள் இயக்குநர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். அவர் ஒரு நாடகம் எழுதிக் கொண்டுவந்தார். சில நூற்றாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு சிற்றூர். ஆடுவதும் பாடுவதும் பாவம் என்று நம்பி வாழ்ந்த கடுமையான கிறிஸ்தவர்கள். சில இளம்பெண்கள் திடீரென்று விழுந்து புரண்டு, இன்னார் எங்களுக்குச் சூனியம் வைத்துவிட்டார் என்று விரல் நீட்டுகிறார்கள். விரல் நீட்டப்பட்டவர் "ஓம், நான் சூனியக்காரிதான்" என்று ஒத்துக்கொண்டு இன்னொருவரைக் காட்டிக் கொடுத்தால் உயிர் தப்பலாம். இல்லை என்று சொன்னால் தூக்கு.

எங்கள் சனத்துக்கு அமெரிக்கச் சூனியக்காரிகளில் என்ன அக்கறை என்று குழுவில் ஒருவர் கேட்டார். மாஸ்டர் வாயால் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து அரிசிச் சாக்குகளை எடுத்து மேசையில் வைத்தார். அரிசிக் கம்பனியின் பெயர் தெரியாமல் உட்புறத்தை வெளியே திருப்பித் தைத்து, கண்ணுக்கு இரண்டு துளை போட்டிருந்தார். குற்றம் சாட்டுபவர்கள் எல்லோரும் விசாரணைக் காட்சியில் இதைத் தலையில் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும், கறுப்பு அங்கியும் கையுறையும் போட்டு, தோல் எங்கும் தெரியக்கூடாது என்றார்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக இதை விளக்க வேண்டும். அந்த நாட்களில் இலங்கையில் எங்கள் ஊர்களில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்தால், ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டி வந்து வரிசையில் நிறுத்துவார்கள். ஒரு வாகனத்துக்குள் தலையில் சாக்குப் போட்ட ஒருவன் இருப்பான். ஒவ்வொருவரும் அவன் முன்னால் நடந்து போக வேண்டும். அவன் தலையை ஆட்டினால், நடந்து போனவரைப் போராளி என்று கொண்டு போய்விடுவார்கள். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். அவனும் பெரும்பாலும் அடித்து இழுத்து வரப்பட்டவன்தான். ஆனாலும் அவனுக்குக் கிடைத்த வெறுப்பு சாக்குப் போட்டு உட்கார வைத்தவர்களுக்குக்கூடக் கிடைத்ததில்லை. ஒரு மனிதனை எங்கள் ஆட்களுக்குள் இல்லாமல் செய்ய அந்த ஒரு சொல் போதும்.

மாஸ்டரின் யோசனை நல்ல யோசனை. நல்ல யோசனைகளைப் பார்த்துத்தான் மேடை முகாமையாளர் பயப்பட வேண்டும்.

முதன்முதலாகச் சாக்குகளைப் போட்டு ஒத்திகை பார்த்த அன்று, குற்றம் சாட்டுபவர்கள் வரிசையாக நின்று, குற்றம் சாட்டப்பட்ட விவசாயியின் பக்கம் ஒன்றாகத் திரும்பினார்கள். விவசாயியாக நடித்தவன் தேவன். பகலில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளர். அதிகம் பேசாத பெடியன், ஆனால் மேடையில் ஏறினால் கடைசி வரிசைக்கும் கேட்கும். அவன் அந்த வரிசையைப் பார்த்தான். வசனத்தைச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, கோட்டைக்கூட எடுக்காமல் மண்டபத்தை விட்டுப் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. ஜெயந்தி வந்தாள். நேர்சிங் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, நாடகத்தில் முதல் விரல் நீட்டுபவள். அவளுடைய அண்ணன் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராதவன். தேநீர் நேரத்தில், கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"தேவன் ஏன் ஓடினவர் எண்டு எனக்குத் தெரியும். எங்கட அண்ணாவுக்குத் தலையாட்டினது உவர்தான். அண்டைக்கு மைதானத்தில, சாக்குத் துளைக்குள்ள நான் பாத்த கண் அது."

கோப்பைகள் ஒவ்வொன்றாக மேசைக்குப் போயின. பிறகு எல்லோரும் கதைக்கத் தொடங்கினார்கள். ஒருவருக்குத் தேவன் ஊரைப் பற்றிக் கதைப்பதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இன்னொருவர் அவன் படம் எடுக்க நிற்காததைச் சொன்னார். அவன் அதிகம் பேசாதது ஒரு வாரத்துக்கு முன் அடக்கமாக இருந்தது. இப்போது அது சாட்சியாகிவிட்டது. பிறகு, ஒருவர் பின் ஒருவராக, எல்லோரும் அமலனைப் பார்த்தார்கள்.

அமலன் மன்னாரைச் சேர்ந்தவன், நாடகத்தில் நீதிபதி. தேவனும் அவனும் தோர்ண்டன் ஹீத்தில் ஒரே வீட்டில், ஒரே அறையில் இருந்தார்கள். அமலன் தொண்டையைச் செருமினான்.

"நானும் சந்தேகப்பட்டனான்தான். போன கிழமை யாழ்ப்பாணத்துக்குக் கோல் எடுத்து அவன்ர ஊர் ஆக்களிட்ட விசாரிச்சனான். ஓமாம்."

அதோடு முடிந்தது. அந்த வீட்டின் சொந்தக்காரரும் தமிழர், பெற்றோல் நிலையத்தை நடத்தியவரும் தமிழர். இரண்டு பேரும் ஒரு தலையாட்டியை ஒரு நாள் கூட வைத்திருக்க மாட்டார்கள். அகதி விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்த பெடியனுக்கு அறையும் வேலையும் போனால், லண்டனில் மிச்சம் இருப்பது குளிர்தான். கதை மண்டபத்தை விட்டு வெளியே போக இன்னும் அரை மணி நேரம்கூட எடுக்காது.

மாஸ்டர் எழும்பினார். நேர்மையான மனிதர். அதுதான் அவரில் எனக்கு இருந்த பயம்.

"அப்ப அவனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால நேரா கேப்பம். அவன் தன்ர நியாயத்தைச் சொல்லட்டும்."

"மாஸ்டர்," என்றேன், "நீங்கள் எழுதின விசாரணைக் காட்சியை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த பிரதியைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் உங்களுக்கு இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வாதாடுவது. வாதாடினால் நீங்களும் ஒரு கட்சி ஆகிவிடுவீர்கள். பிறகு உங்கள் சொல்லை யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டாவது ஆசை இன்னும் இனிப்பானது. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசித் தொடர்பே அறுந்து கிடந்த காலம் அது. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் தாயின் குரலைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அமலன் எந்தத் தொலைபேசியில் விசாரித்தான் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அறைக்கு ஒரு சூனியக்காரனுக்குப் பதிலாக இன்னொருவன் கிடைத்திருப்பான். பசி அப்படியே இருந்திருக்கும்.

எனவே எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். நடைமுறையைக் கையில் எடுத்தேன். இன்றைய ஒத்திகை முடிந்தது என்றேன். அடுத்த சனிக்கிழமை உடுப்புச் சோதனை, எல்லோரும் வர வேண்டும் என்றேன். விசாரித்து முடியும்வரை இந்தக் கதையை வெளியே கொண்டு போகிறவர் நாடகத்தில் இல்லை என்றும் சொன்னேன்.

"யார் விசாரிக்கப் போயினம்?" என்று ஒருவர் கேட்டார்.

"நான். சட்டம் படிச்சனான்."

படித்து முடிக்கவில்லை என்பதை அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

அமலனை என் காரில் ஏற்றிக்கொண்டேன். கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டேன்.

"அமலன், நீர் எடுத்த ரெலிபோன் எங்க இருக்கு? எனக்கும் அம்மாவோட கதைக்க வேணும்."

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் வாய் திறந்தான்.

"எல்லாரும் என்னைப் பாத்தவை, அக்கா. ஒரே அறையில படுக்கிறனான்தானே. பேசாமல் இருந்தால் நானும் கூட்டு எண்டு சொல்லுவினம்."

"அதுக்கு?"

"வாயில வந்திட்டுது."

"உமக்கு அவனைப் பற்றி என்ன தெரியும்?"

"நித்திரையில கத்துவான். வேற ஒண்டும் தெரியாது." பச்சை விழுந்து கார் நகர்ந்த பிறகு, "நல்லாச் சமைப்பான்," என்றான்.

"வாயில வந்ததை நீர்தான் திருப்பி எடுக்க வேணும். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். ஆனால் உடுப்புச் சோதனைக்கு முதல் அவனிட்டச் சொல்லிப் போடும்."

மறுநாள் மத்தியானம் தேவன் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்குப் போனேன். கதை அவனுக்கு எட்டியிருந்தது. நான் எச்சரித்ததெல்லாம் அவ்வளவு தூரம்தான் வேலை செய்திருந்தது. நல்ல காலம், முதலாளிக்கு இன்னும் எட்டவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, வாடிக்கையாளர்களுக்கு நடுவே என்னோடு கதைத்தான்.

"நான் வந்து என்னத்தைச் சொல்ல, அக்கா? நாடகத்தில எண்டாலும் ஓம் எண்டு சொன்னால் உயிரோட விடுவினம். இஞ்ச ஓம் எண்டாலும் போச்சு, இல்லை எண்டாலும் போச்சு."

"நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம். வந்து கடைசி வரிசையில, இருட்டுக்குள்ள இருந்தால் காணும்."

"சாக்குப் போடச் சொல்லுவீங்களோ?"

"மாட்டன்."

ஒரு வாடிக்கையாளருக்கு மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தான். "அப்ப வாறன்."

சனிக்கிழமை. ஆண்கள் எல்லோரும் அங்கியும் கையுறையும் சாக்கும் போட்டு மேடையில் வரிசையாக நிற்க வேண்டும் என்றேன். குற்றம் சாட்டும் கூட்டத்தில் ஆண்களையும் சேர்க்க யோசனை, அதற்கு அளவு பார்க்கவாம். மண்டபத்துக் காவலாளி ஒரு அயர்லாந்துக்காரர். உயரத்திலும் அகலத்திலும் தேவனைப் போலவே இருப்பார். ஒரு ஆள் குறைகிறது, வந்து நிற்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன். வாழ்நாள் முழுவதும் அந்த அழைப்புக்குக் காத்திருந்தவர் போல அங்கியை மாட்டிக்கொண்டார். பேசவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது சிரமமான நிபந்தனை.

விசாரணைக் காட்சிக்கான விளக்கைப் போட்டேன். நேர் மேலிருந்து விழும் வெள்ளை விளக்கு, துளைகளுக்குள் இருக்கும் கண்ணின் நிறத்தை நிழலாக்கிவிடும். பிறகு ஜெயந்தியைக் கூப்பிட்டு, தேவன் விட்டுப்போன தொப்பியைக் கையில் கொடுத்தேன்.

"தேவன் வந்திட்டார். வரிசையில நிக்கிறார். இதை அவரிட்டக் குடும் பிள்ளை."

தேவன் வரிசையில் இல்லை. மண்டபத்தின் கடைசி வரிசையில், இருட்டில் இருந்தான். ஒரு சாட்சியைச் சோதிப்பது என்று சட்டப் புத்தகத்தில் இதற்குப் பெயர். வீட்டு மொழியில் பொய். அதுவரை அந்த மண்டபத்தில் சொல்லப்பட்ட பொய்களில் என்னுடையது மிகச் சிறியது என்பதால் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

ஜெயந்தியின் முகம் இறுகிவிட்டது. தொப்பியோடு மேடையில் ஏறினாள். ஒவ்வொரு சாக்கின் முன்னாலும் நின்று துளைகளுக்குள் பார்த்துக்கொண்டு போனாள். ஒருவர் முன் அதிக நேரம் நின்றாள்.

"இந்தா," என்றாள். "உன்ர கண்ணை எனக்குத் தெரியும்."

தொப்பியை அவர் கையில் திணித்தாள்.

சாக்குக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. "நல்ல தொப்பிதான் மகளே. ஆனால் எனக்குச் சின்னது." அவர் சாக்கைக் கழற்றினார். சிவந்த முகம், வெளிறிய நீலக் கண். "இனித் தேநீர் குடிக்கலாமா? இதற்குள்ளே ஒன்றும் தெரியவில்லை, மூச்சும் முட்டுகிறது."

வரிசையில் இருந்தவர்கள் சாக்குகளுக்குள்ளேயே சிரிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது வெறும் வேடிக்கை. நான் யாருக்கும் ஒன்றும் விளக்கவில்லை. அவளை மாட்டிவைத்து அவமானப்படுத்தியிருந்தால் அவள் சொன்னதையே பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். மனிதர்கள் அப்படித்தான். பின்வாங்க ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் நிற்க வேண்டும். அதன் பிறகு அவர்கள் பாடு.

ஜெயந்தி நீலக் கண்களைப் பார்த்தபடியே நின்றாள். சிரிப்பு தானாக அடங்கியது. அவள் திரும்பி, கீழே இருந்த எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்.

"நான் அண்டைக்கு மைதானத்தில நிக்கேல்லை. வீட்டில நிண்டனான். அம்மாதான் போனவ. அவ வந்து அழுதழுது சொன்னவ, அந்தக் கண்ணையும் சேத்து. கேட்டுக் கேட்டு நான் கண்ட மாதிரி ஆயிட்டுது." சாக்குகளின் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "எனக்கு ஆரையாவது பிடிக்க வேணும் போல இருந்தது."

கடைசி வரிசையில் ஒரு கதிரை மடிந்து மூடும் சத்தம் கேட்டது. தேவன் எழும்பி நடுவழியால் நடந்து வந்தான். எல்லோரும் விலகி நின்றார்கள். அமலன் சாக்கைக் கழற்றிவிட்டு, யாரும் கேட்காமலே, தான் யாருக்கும் கோல் எடுக்கவில்லை என்றும் அதைத் தேவனிடம் போன கிழமையே சொல்லிவிட்டதாகவும் சொன்னான். சொல்லி முடித்ததும் அவன் முகம், நிறையப் பாரம் தூக்கிய ஆள் அதைக் கீழே போட்டது போல இருந்தது.

"தண்டனையும் குடுத்திட்டன்," என்றான் தேவன். "இந்த மாசம் முழுக்கச் சமையல் அவன்தான்." பிறகு யோசித்து, "தண்டனை எனக்கோ அவனுக்கோ எண்டு தெரியேல்லை," என்றான்.

அப்போதுதான் அந்த அறை மூச்சு விட்டது. காவலாளி மொழி புரியாமலே எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தார்.

தேவன் ஜெயந்தியின் பக்கத்தில் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தான். நான் விளக்கை மாற்றுவது போல அருகிலேயே நின்றேன். ஒட்டுக்கேட்பது மேடை முகாமையாளரின் கடமைகளில் ஒன்று.

"நான் வரிசையில நிண்டனான், ஜெயந்தி. உங்கட மைதானத்தில இல்லை, எங்கட ஊரில. எனக்கு முன்னுக்குப் போனவருக்குச் சாக்குக்காரன் தலையாட்டினவன். பின்னால வந்தவருக்கும் ஆட்டினவன். என்னைக் கன நேரம் பாத்தவன். ஆட்டேல்லை."

"ஏன்?"

"என்னோட படிச்சவன் ஒருத்தன் எண்டு நினைச்சன். கண்ணைக் கண்டு பிடிச்சிட்டன் எண்டு. இப்ப அவன் இஞ்ச லண்டனில, சவுத்தாலில இருக்கிறான். எத்தினையோ தரம் ஆள் விட்டுக் கேட்டான், வந்து சந்திக்கச் சொல்லி. ஆர்ச்வே முருகன் கோவில் வாசலில ஒருக்காக் கண்டிட்டு, சாமி கும்பிடாமலே திரும்பி ஸ்டேசனுக்குப் போயிட்டன்." அவன் மேடையில் கிடந்த சாக்கைக் கையில் எடுத்து, இரண்டு துளைகளையும் விரலால் தடவிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, அப்ப அது அவன் இல்லையோ?"

இந்த இடத்தில், பிள்ளைகளே, ஆறுதல் சொல்ல வாய் உன்னும். இல்லை, அவன் இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் இதமாக இருக்கும். ஆனால் அதுவும் இன்னொரு தலையாட்டல்தான்.

"எனக்குத் தெரியாது," என்றேன். "உமக்கும் தெரியாது. அவ்வளவுதான் தெரியும்."

அவன் தலையை மேலும் கீழுமாக ஆட்டாமல், "ம்" என்று மட்டும் சொன்னான்.

மாஸ்டர் சாக்குகளை எடுத்துக் குப்பையில் போடப் போனார். வேண்டாம் என்று தடுத்தவன் தேவன்தான். "அது இருக்கட்டும், மாஸ்டர். ஆனால் சனத்துக்கு முன்னாலேயே போடட்டும். முதல் முகத்தைக் காட்டிப் போட்டு, பிறகு." அந்த ஒரு மாற்றம் நாடகத்தை நிமிர்த்திவிட்டது. பெண்கள் ஒவ்வொருவராக முன்னுக்கு வந்து, பார்வையாளர்களை நேராகப் பார்த்து, தாங்களே சாக்கை மாட்டிக்கொள்வார்கள். பயந்த முகங்கள்தான் எல்லாம். எனக்கு அந்தக் காட்சிக்கு விளக்கு மாற்றும் வேலையே இருக்கவில்லை. ஒரு தொழில்நுட்பக்காரி சொல்லக்கூடிய மிகப் பெரிய பாராட்டு அது.

தேவனின் அறையும் வேலையும் அவனிடமே இருந்தன. கதை வெளியே போயிருந்த இடங்களுக்கு ஜெயந்தி நேரில் போய், தான் சொன்னது பிழை என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு மேடையில் நிற்பதை விட அதிக துணிவு வேண்டும். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளாகவே செய்தாள்.

அடுத்த ஒத்திகைக்குத் தேவன் எல்லோருக்கும் முன்னதாக வந்துவிட்டான். முந்தின ஞாயிற்றுக்கிழமை சவுத்தாலுக்குப் போயிருந்தான் என்று அமலன் எனக்கு ஏற்கனவே சொல்லியிருந்தான்.

"கேட்டனீரோ?" என்றேன்.

அவன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான்.

"கேக்கத்தான் போனனான், அக்கா. வழி நெடுகச் சொல்லிப் பாத்துக்கொண்டு போனனான். கதவைத் திறந்தவன், என்னைக் கண்டிட்டு, 'ஏன்ரா இப்பிடி மெலிஞ்சு போனாய்' எண்டான். பிறகு எப்பிடி அக்கா கேக்கிறது?"

"என்ன செய்தனீங்கள் அப்ப?"

"சாப்பிட்டம். பிறகு கிரிக்கெட் பாத்தம். பின்னேரம் பஸ் வரும் வரைக்கும் அவனும் என்னோட நிண்டவன்."

நான் விளக்குகளைப் போட்டேன். அவன் போய்த் தன் இடத்தில் நின்றான்.